அச்சுப்பொறி ஏன் ஆமையாகிறது?



தேர்வுக் காலத்தில் ஜெராக்ஸ் கடைகளில் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு ஹால் டிக்கெட் அச்சிட வேண்டும். இன்னொருவருக்குக் கலந்தாய்வு விண்ணப்பம். மற்றொருவருக்குச் சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டும். சென்னையில் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்திருக்கிறது பட்டினப்பாக்கம். அங்கே இப்படி ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைமீது ஒரு கணிப்பொறி. அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் புறப்பட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் நுழைகிறது. அதுதான் யு.எஸ்.பி. ஹப். அதன் நான்கு போர்ட்டுகளில் அச்சுப்பொறி, ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவை செருகப்பட்டிருக்கின்றன. நான்காவது போர்ட்டில் இன்னொரு ஹப்! அதில் வெப் கேமராவும், வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவும் தொங்குகின்றன.

காலையில் அரை நிமிடத்தில் ஒரு பக்கத்தை அச்சிட்ட பொறி, மாலையில் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது. விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "மிஷின் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார் ஒருவர். "வைரஸ் புகுந்திருக்கும்" என்கிறார் இன்னொருவர். "அந்த ஹப்பைத் தூக்கிப் போடுங்க" என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி? இப்போதைக்குச் சொல்ல முடியாது. மூவரும் ஊகித்தார்களே தவிர, ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

ஊகம் தவறினால் இழப்பு சிறியதன்று. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அச்சுப்பொறி, பழுதே இல்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதற்குப் பதிலாக வரும் புதிய பொறியும் அதே ஹப்பில், அதே கேபிளில் செருகப்பட்டு அதே ஆமை வேகத்தில் ஓடும். பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியும், ஒரு நிறுத்துக் கடிகாரமும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். திருப்புளியைத் தொடாமலே உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போமா?

பல வாசல்கள் ஒரு வாசலான கதை

1990களின் தொடக்கத்தில் கணிப்பொறியின் பின்புறம் ஒரு கண்காட்சி போல இருக்கும். விசைப்பலகைக்கு ஒரு வகைத் துளை, மவுசுக்கு வேறொரு வகை, அச்சுப்பொறிக்கு 25 ஊசிகள் கொண்ட அகன்ற இணைப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். புதிய கருவி ஒன்றைச் சேர்த்தால் கணிப்பொறியை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட முனைந்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். பரோடாவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தவர் இவர். தம் வீட்டிலேயே அச்சுப்பொறியோடு குடும்பத்தினர் பட்ட பாடு இந்த எண்ணத்துக்கு ஒரு தூண்டுகோலாயிற்று என்று பேட்டிகளில் அவர் கூறியதுண்டு. ஆகவே, அச்சுப்பொறித் தொல்லைக்கும் யு.எஸ்.பி.க்கும் உள்ள உறவு அதன் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது எனலாம்! காம்பேக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய முதல் தரவிதி 1996 ஜனவரியில் வெளிவந்தது. அஜய் பட்டும் அவருடைய குழுவினரும் 2013இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதைப் பெற்றனர்.

முதல் யு.எஸ்.பி.யில் இரண்டு வேகங்கள் இருந்தன: விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்கு விநாடிக்கு 1.5 மெகாபிட்; மற்றவற்றுக்கு 12 மெகாபிட். 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு 480 மெகாபிட் வேகத்தைத் தந்தது. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு 5000 மெகாபிட்டைத் தொட்டது. அதன்பின் வேகம் இன்னும் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனால், வீடுகளிலும் சிறு கடைகளிலும் உள்ள அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை இன்றும் 480 மெகாபிட் வகையையே சேர்ந்தவை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள்; பின்னால் பயன்படும்.

'ஹப்' என்ற சொல்லுக்கு வண்டிச் சக்கரத்தின் குடம் என்று பொருள். குடத்திலிருந்து ஆரக்கால்கள் நாற்புறமும் செல்வது போல, ஹப்பிலிருந்து கேபிள்கள் செல்கின்றன. ஒரு யு.எஸ்.பி. அமைப்பில் ஹப்புகளையும் சேர்த்து 127 கருவிகள் வரை இணைக்கலாம் என்பது தரவிதி. அப்படியானால் நம் கடைக்காரர் ஆறேழு கருவிகளைத்தானே இணைத்திருக்கிறார், அதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். எண்ணிக்கையில் தவறில்லை. ஹப் இரண்டு பொருள்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒன்று மின்னோட்டம், மற்றொன்று நேரம். இரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

முதல் பங்கு: மின்னோட்டம்

யு.எஸ்.பி. கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு கம்பிகள் தெரியும். இரண்டு கம்பிகள் செய்தியைச் சுமப்பவை. மற்ற இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்தைத் தருபவை. இரண்டாம் பதிப்பின்படி கணிப்பொறியின் ஒரு போர்ட் தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். மூன்றாம் பதிப்பில் இது 900 மில்லி ஆம்பியர்.

தனி அடாப்டர் இல்லாத ஹப், இந்த 500 மில்லி ஆம்பியரைக் கொண்டே தானும் வாழ்ந்து, மற்றவர்களையும் வாழவைக்க வேண்டும். தனக்கென 100 வைத்துக்கொண்டால் மீதி 400. நான்கு போர்ட்டுகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 100 மில்லி ஆம்பியர்தான். மவுசுக்கும் விசைப்பலகைக்கும் இது தாராளம். கையடக்க ஹார்டு டிஸ்க்கோ சுழலத் தொடங்கும்போதே இதைப் போலப் பல மடங்கு கேட்கும்.

இத்துடன் கேபிளின் மின்தடையும் சேர்ந்துகொள்கிறது. மெல்லிய யு.எஸ்.பி. கேபிள்களில் 28 ஏ.டபிள்யூ.ஜி. என்ற அளவுள்ள செம்புக் கம்பி இருக்கும். இதன் விட்டம் 0.32 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.21 ஓம். கேபிளின் நீளம் 2 மீட்டர் என்றால் மின்னோட்டம் போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர். ஆக 4 மீட்டர். மொத்த மின்தடை 0.85 ஓம். இதில் 0.5 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி கேபிளிலேயே இழக்கப்படும் மின்னழுத்தம்

0.5 × 0.85 = 0.43 வோல்ட் (ஏறத்தாழ)

புறப்பட்டது 5 வோல்ட். போய்ச் சேர்ந்தது 4.57 வோல்ட்! இதே போன்ற இன்னொரு கேபிளை நீட்டிப்பாகச் சேர்த்தால் 4.15 வோல்ட்தான் மிஞ்சும். சுமார் 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கருவி ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் வரும் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு குழாயைத் திறந்தால் நன்றாக வரும். நான்கையும் திறந்தால் எல்லாவற்றிலும் நூலாக வரும். அதே கதைதான் இங்கேயும்.

"அச்சுப்பொறிக்குச் சுவரிலிருந்து தனி மின்சாரம் வருகிறதே! அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அச்சுப்பொறி பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடப்பது ஹப். மின்னழுத்தம் இறங்கும்போது ஹப்பினுள் இருக்கும் சில்லு ஒரு கணம் மயங்கி விழுந்து எழுகிறது. அப்போது அதனோடு இணைந்த எல்லாக் கருவிகளும் கணிப்பொறியின் கண்ணிலிருந்து மறைந்து, மீண்டும் ஒவ்வொன்றாக அறிமுகமாகின்றன. பாதியில் நின்ற அச்சுவேலை திரும்பத் தொடங்க வேண்டும். சில வேளைகளில் வரிசையில் அப்படியே சிக்கிக்கொள்ளும். நமக்குத் தெரிவதெல்லாம் "அச்சுப்பொறி மெதுவாக ஓடுகிறது" என்பதுதான். கருவியைச் செருகும்போது கேட்கும் 'டிங்' ஒலி, யாரும் எதையும் தொடாதபோதே கேட்டால் இந்த மயக்கம்தான் காரணம் என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் பங்கு: நேரம்

யு.எஸ்.பி. என்ற பெயரில் உள்ள 'பி' என்பது பஸ். நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இதுவும் ஒரே சொல்தான். 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே தடத்தில் எல்லோருடைய செய்தியும் பயணம் செய்கிறது.

இந்தப் பஸ்ஸில் நடத்துநர் ஒருவர்தான், அவர் கணிப்பொறி. அவர் அழைக்காமல் எந்தக் கருவியும் வாய் திறக்கக்கூடாது. 480 மெகாபிட் தடத்தில் ஒரு விநாடியை 8000 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்று அவரே ஒதுக்குகிறார். ஒரு துண்டின் அளவு 125 மைக்ரோ விநாடி.

இடம் ஒதுக்குவதில் ஒரு முறை உண்டு. வெப் கேமரா, ஒலிக்கருவி போன்றவை தாமதத்தைப் பொறுக்காதவை. பேச்சு இடையில் அறுந்தால் பயனில்லையே! ஆகவே அவற்றுக்கு முன்பதிவு இருக்கைகள். மவுசையும் விசைப்பலகையையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயம் விசாரித்தாக வேண்டும். அவற்றுக்கும் முன்பதிவு உண்டு. இப்படி ஒரு துண்டில் 80 சதவீதம் வரை முன்பதிவுக்குப் போகலாம். அச்சுப்பொறி, ஸ்கேனர், பென் டிரைவ் ஆகியவை நின்றுகொண்டு வரும் பயணிகள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவை நெருக்கியடித்துக்கொண்டு ஏற வேண்டும். அவற்றின் செய்தி தாமதமாகலாம். ஆனால் தவறாகப் போய்ச்சேரக் கூடாது. பிழையோடு வந்தால் திரும்ப அனுப்பப்படும்.

அப்படியானால் வெப் கேமராதான் குற்றவாளியா? அவசரப்படாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால், அகலத்தில் 4960, நீளத்தில் 7016. ஆக சுமார் 3.5 கோடிப் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும். எட்டால் வகுத்தால் 4.35 மெகாபைட். 480 மெகாபிட் தடத்தில் செய்முறையில் விநாடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரை செல்லும். கேமரா 80 சதவீதத்தை விழுங்கிவிட்டாலும், விநாடிக்கு 6 மெகாபைட்டாவது மிஞ்சும். பக்கம் ஒரு விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்! மூன்று நிமிடத் தாமதத்துக்குக் கேமராவின் முன்பதிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பார்த்தீர்களா? சந்தேகத்துக்குரிய ஒருவரை ஒரு பெருக்கல் கணக்கே விடுதலை செய்துவிட்டது.

அதே பக்கம் 12 மெகாபிட் தடத்தில் போனால்? அங்கே செய்முறையில் விநாடிக்கு 1 மெகாபைட் அளவே செல்லும். கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு 4 விநாடிக்கு மேல் ஆகும். வண்ணப் பக்கமாக இருந்தால் ஒரு புள்ளிக்கு 24 பிட். மொத்தம் 104 மெகாபைட். சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 100 விநாடி! புகைப்படம் ஒட்டிய விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை அப்படியே உயர்தரத்தில் அச்சிடும்போது பொறி ஆமையாவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் நல்ல அச்சுப்பொறி ஏன் 12 மெகாபிட் தடத்துக்கு இறங்க வேண்டும்? கருவியைச் செருகியவுடன் அதற்கும் ஹப்புக்கும் இடையே ஒரு சிறு பேச்சு நடக்கிறது. "என்னால் 480இல் ஓட முடியும்" என்று கருவி குறி கொடுக்கும். ஹப் ஒப்புதல் சொல்லும். கேபிள் மோசமாக இருந்தாலோ, ஹப் பழைய வகையாக இருந்தாலோ இந்தப் பேச்சு முறிந்துவிடும். உடனே கருவி 12க்கு இறங்கிவிடும். வேலை நிற்காது, வேகம் மட்டும் நாற்பதில் ஒரு பங்காகிவிடும். "இந்தக் கருவி இதைவிட வேகமாக இயங்கக்கூடியது" என்ற பொருளில் கணிப்பொறித் திரையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் அதை அலட்சியமாக மூடிவிடாதீர்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 12 மெகாபிட் கருவிகளின் பேச்சை 480 மெகாபிட் தடத்துக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஹப்புக்குள் இருக்கிறார். மலிவான ஹப்புகளில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரே மொழிபெயர்ப்பாளர்தான். பழைய அச்சுப்பொறியையும் ஹெட்செட்டையும் அத்தகைய ஹப்பில் செருகினால் இரண்டும் ஒரே 12 மெகாபிட்டைப் பங்கிட்டுக்கொள்ளும்.

"நீல நிறப் போர்ட் உள்ள மூன்றாம் பதிப்பு ஹப் வாங்கினால் எல்லாம் பறக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். மூன்றாம் பதிப்பு ஹப் என்பது உண்மையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹப்புகள். புதிய வேகத்துக்குத் தனித் தடம். பழைய 480 மெகாபிட்டுக்குத் தனித் தடம். 480 மெகாபிட் அச்சுப்பொறி பழைய தடத்தில்தான் போகும். புதிய தடத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அதற்குக் கிடைக்காது.

கடற்காற்றின் கைவரிசை

பட்டினப்பாக்கம் வீடுகளின் சன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். அலைகள் உடையும்போது எழும் நுண்ணிய துளிகள் காற்றில் மிதந்து வருகின்றன. நீர் ஆவியானதும் உப்பு மட்டும் எல்லாவற்றின்மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நிகழ்ச்சிதான்.

யு.எஸ்.பி. இணைப்பின் உள்ளே உள்ள தொடுமுனைகளுக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். அடியில் நிக்கலும் செம்புக் கலவையும் இருக்கும். மலிவான இணைப்புகளில் முலாம் மிக மெல்லியது, நுண்துளைகள் உடையது. உப்புக் கரைசல் அவற்றின் வழியே உள்ளே புகுந்தால், தங்கமும் அடியிலுள்ள உலோகமும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலம் போலாகி, அடி உலோகம் அரிக்கப்படுகிறது. தொடுமுனையின் மின்தடை கூடுகிறது. மின்னழுத்தமும் இறங்குகிறது, செய்தியிலும் பிழை சேருகிறது.

வந்த செய்தி சரிதானா என்பதை ஒவ்வொரு பொட்டலத்துடனும் வரும் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். பிழை என்றால் திரும்ப அனுப்ப வேண்டும். மூன்று முறை தொடர்ந்து தவறினால் கணிப்பொறி அந்த வழியை நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த மறு அனுப்பல்களே பல நேரங்களில் தாமதமாக வெளிப்படுகின்றன.

"கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கையன்று. செருகும்போது தொடுமுனைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, படிந்த அழுக்கைச் சிறிது துடைக்கின்றன. கருவியும் புதிதாக அறிமுகமாகி, வேகத்தைப் பற்றி மீண்டும் பேசுகிறது. இயற்பியல் ஆய்வகத்தில் இணைப்புக் கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்தபின் இணைப்பீர்கள் அல்லவா? நோக்கம் அதுவே. ஆனால் யு.எஸ்.பி. முனைகளில் உப்புத்தாளைப் பயன்படுத்திவிடாதீர்கள்! மெல்லிய தங்க முலாம் போய்விடும். கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பின் செருகுவதே முறை.

ஆய்வைத் தொடங்குவோம்

சந்தேகத்துக்குரியவர்களை அறிந்துகொண்டோம். இனி விசாரணை. இதற்கு ஒரே ஒரு பொன்விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேபிளையும் ஹப்பையும் சேர்த்து மாற்றினால் பொறி சரியாகலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

ஒரு குறிப்பேட்டில் கட்டம் போடுங்கள். ஒரே பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் சோதனைகளிலும் அதையே அச்சிடுங்கள். இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: கட்டளை கொடுத்ததிலிருந்து தாள் நகரத் தொடங்கும் வரை ஒன்று, தாள் நகரத் தொடங்கியதிலிருந்து வெளியே வரும் வரை மற்றொன்று. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். லேசர் அச்சுப்பொறியில் முதல் பக்கத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மையை உருக்கும் உருளை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசுக்குச் சூடேற வேண்டும். அந்தத் தாமதம் பழுதன்று.

1. யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டு, அச்சுப்பொறியிலுள்ள பொத்தானால் சோதனைப் பக்கத்தை அச்சிடுங்கள். பெரும்பாலான பொறிகளில் இந்த வசதி உண்டு. இதுவே மெதுவாக வந்தால் குறை பொறிக்குள்ளேயே இருக்கிறது. விரைவாக வந்தால் பொறி நிரபராதி.

2. அதே கேபிளைக் கொண்டு, ஹப்பை விலக்கி, கணிப்பொறியில் நேரடியாகச் செருகுங்கள். வேகம் வந்துவிட்டால் ஹப்பின் பக்கம் ஆராய வேண்டும். வராவிட்டால் ஹப்பைத் திட்டுவதில் பயனில்லை.

3. இப்போது கேபிளை மட்டும் மாற்றுங்கள். பிழை கேபிளோடு போகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகத்துக்குரிய கேபிளை நன்றாக ஓடும் ஸ்கேனருக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கேனரும் தடுமாறினால் தீர்ப்பு உறுதி.

4. நல்ல கேபிளுடன் ஹப்புக்குத் திரும்புங்கள். மற்ற எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு அச்சுப்பொறியை மட்டும் வைத்து அளவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கருவியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளவிடுங்கள். எந்தக் கருவியைச் சேர்த்தபோது நேரம் குதித்தது என்பதைக் கட்டமே சொல்லிவிடும்.

5. குதித்த இடத்தில் நிறுத்தி, ஹப்புக்கு அடாப்டர் வசதி இருந்தால் அதற்குரிய அடாப்டரைச் செருகுங்கள். சரியாகிவிட்டால் குறை மின்னோட்டத்தில். சரியாகாவிட்டால் நேரப் பங்கீட்டில். அல்லது அந்தக் கருவியிலேயே.

6. எதுவும் மாறவில்லை என்றால் கணிப்பொறியின் செட்டிங்குகளைப் பாருங்கள். அச்சுத் தரம் தேவையில்லாமல் உயர்நிலையில் இருக்கிறதா? பழைய வேலை ஒன்று வரிசையில் சிக்கியிருக்கிறதா? டிரைவர் மென்பொருள் அந்தப் பொறிக்கு உரியதுதானா? மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கணிப்பொறி யு.எஸ்.பி. கருவிகளை உறங்கவைப்பதும் உண்டு. உறங்கிய அச்சுப்பொறி விழிக்கத் தடுமாறினால், நெடுநேரம் சும்மா இருந்தபின் வரும் முதல் பக்கம் மட்டும் தாமதமாகும்.

எடுத்துக்காட்டாக, நம் கடையில் அளந்த நேரங்கள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: நேரடி இணைப்பில் 12 விநாடி, ஹப்பில் தனியாக 13 விநாடி, ஸ்கேனருடன் 13, கைரேகைக் கருவியுடன் 14, இரண்டாம் ஹப்பைச் சேர்த்தவுடன் 170! அடாப்டரைச் செருகியதும் மீண்டும் 14. இதற்கு மேல் விவாதம் தேவையா? அச்சுப்பொறியும் நல்லது, ஹப்பும் நல்லது. ஹப்பின் தலையில் இன்னொரு ஹப்பை ஏற்றியதுதான் குறை. மூன்று யோசனைகளும் தவறு என்று ஒரு கட்டம் காட்டிவிட்டது.

மற்ற கருவிகளுக்கும் இதே மருந்து

இதே முறையால் தடுமாறும் ஸ்கேனரையும், காணாமல் போகும் ஹார்டு டிஸ்க்கையும் ஆராயலாம். கம்பியில்லா மவுஸ் தடுமாறினால் மட்டும் வேறொன்றையும் பாருங்கள். அதன் சிறிய ஏற்பி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் பேசுகிறது. மூன்றாம் பதிப்புக் கருவிகள் ஓடும்போது எழும் மின்னிரைச்சல் இதே அலைப்பகுதியிலும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஹார்டு டிஸ்க் செருகிய போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஏற்பியைச் செருகாமல், சற்றுத் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் குணம் தெரியும்.

கேபிளின் நீளத்துக்கும் எல்லை உண்டு. 480 மெகாபிட் கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. மின்குறி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 5 நானோ விநாடி ஆகிறது. கேள்வி கேட்ட கணிப்பொறி பதிலுக்காகக் காத்திருப்பது குறிப்பிட்ட நேரம்தான். கேபிள் நீண்டால், ஹப்புகள் சேர்ந்தால், பதில் தாமதமாகும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஹப்புகளுக்கு மேல் கூடாது என்ற விதிக்கும் இதுவே அடிப்படை.

ரிச்சி தெருவில் கேபிள் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்காமல், உறைமீது சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். ஏ.டபிள்யூ.ஜி. என்ற எழுத்துகளுக்கு முன்னால் 28, 24 போன்ற எண்கள் இருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 24 எண் கம்பியின் குறுக்குப் பரப்பு, 28 எண் கம்பியைப் போல் இரண்டரை மடங்கு. ஆகவே மின்தடை இரண்டரையில் ஒரு பங்கு. இரண்டு எண்கள் இருந்தால் ஒன்று செய்திக் கம்பிகளுக்கு, மற்றொன்று மின்கம்பிகளுக்கு. மின்கம்பி 24 ஆக இருப்பது நல்லது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையிலோ, வீட்டிலோ ஒரே பென் டிரைவை எடுத்துக்கொண்டு, ஒரே கோப்பை முதலில் நேரடியாகவும், பிறகு ஹப் வழியாகவும் நகலெடுத்து நேரத்தை அளந்து பாருங்கள். ஹப்பில் வேறு கருவிகள் ஓடும்போது அந்த நேரம் எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கும் தருகிறேன். 3 மீட்டர் நீளமுள்ள கேபிள். மின்கம்பியின் எண் 28. ஓடும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். கணிப்பொறி தருவது சரியாக 5 வோல்ட். மறுமுனையில் எத்தனை வோல்ட் கிடைக்கும்? அந்த ஹப் 4.4 வோல்ட் எல்லைக்கு மேலே நிற்குமா, கீழே விழுமா? கம்பியை 24 எண்ணுக்கு மாற்றினால் என்னவாகும்? தாளையும் பென்சிலையும் எடுங்கள். விடை கிடைத்ததும், உங்கள் பகுதி ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அவருடைய கேபிளில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.